சிவசாமி வீட்டில் நடந்த உலக இசை வகுப்பு

தனுஜாவுக்கு இசை தெரியாது. சுங்கை மாவார் சமூகக் கல்லூரியில் அவள் சொல்லிக்கொடுத்தது ஹோட்டல் அறைப் பராமரிப்பு. கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவது, குளியல் துண்டை அன்னம் மாதிரி மடித்துத் தலையணைமேல் உட்காரவைப்பது, இதிலெல்லாம் அவளை மிஞ்சக் கேமரன் மலையில் ஆள் கிடையாது. உலக இசை அவள் தலையில் வந்து விழுந்ததற்குக் காரணம், தலைமையகத்தில் யாரோ ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டியதுதான்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டாரத்து இசையை ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கேமரன் மலைக்கு வந்த பாடத்திட்டத்தில் 'கேமரூன்' என்று அச்சாகியிருந்தது. ஆப்பிரிக்காவில் இருக்கிற கேமரூன். அந்த நாட்டுத் தாள வகைகள், மரக்கட்டை வாத்தியங்கள், மேற்கத்திய இசையோடு அவை கலந்த விதம் என்று பாடத்திட்டம் விரிவாகவே இருந்தது. கடைசியில், ஆப்பிரிக்க ஃபியூஷன் இசைக் குழு ஒன்றை மாணவர்கள் நேரில் கேட்க வேண்டும், அதை அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார் என்றும் போட்டிருந்தது.

கல்லூரி முதல்வர் புவனேஸ்வரன் தலைமையகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். ஒப்புதல் ஆகிவிட்ட பாடத்திட்டத்தை மாற்ற வழியில்லை, இடத்தின் பெயரை மாற்றக் கேட்டு வேண்டுமானால் மனு போடலாம் என்று பதில் வந்தது.

புவனேஸ்வரன் மனு போடவில்லை. தனுஜாவைக் கூப்பிட்டார்.

"டீச்சர்ஸ் டே அன்னைக்கு நீதானே பாடுன?"

"எல்லாரும் சேர்ந்து பாடுனோம் சார். நான் பின்னால நின்னேன்."

"போதும்."

அவளுடைய ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியில் முடிய இருந்தது. அதனால் அவள் மறுத்துப் பேசவில்லை. கேமரூனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். ஈப்போ பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சாமுவேல் என்ற கேமரூன்காரரைத் தேடிப் பிடித்தாள். அவர் பாலஃபோன் வாசிப்பவர். சுரைக் குடுக்கைகளின்மேல் மரக்கட்டைகளை வரிசையாகக் கட்டி, குச்சியால் தட்டுகிற வாத்தியம் அது. அவரோடு இரண்டு டிரம்காரர்களும் பேஸ் கித்தார் வாசிக்கும் ஈப்போ சீனப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். வருகிறோம் என்றார்கள். கல்லூரி இருக்கும் தேயிலைத் தோட்டத்து கேட்டில் நுழைந்து கோயில் தாண்டி வந்தால் நாற்காலி போட்டு ஆட்கள் காத்திருப்பார்கள் என்று தனுஜா வழி சொல்லியிருந்தாள்.

நிகழ்ச்சி நடக்க இருந்த சனிக்கிழமை காலையில் மலை முழுக்க மூட்டம். பள்ளி விடுமுறை வேறு. மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதிகாரி புவான் ரொசித்தா, அதாவது ரொசித்தா அம்மையார், மட்டும் எப்படியோ நேரத்துக்கு வந்துவிட்டார். கல்லூரி மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். மாணவர்கள் அசையாமல் இருந்தார்கள். அதிகாரி போகும்வரை சிரிக்கக்கூடாது என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

சாமுவேலின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. தனுஜா வாசலுக்கும் மேடைக்கும் நடந்தாள். கடைசியில் ஒரு வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கறுப்புச் சட்டை போட்ட ஆறேழு பேர் மேளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தனுஜாவிடம் மெதுவான குரலில் கேட்டான்.

"பாடி எங்கக்கா?"

"என்ன பாடி?"

"பாடிக்கா. உள்ளயா வச்சிருக்கீங்க?"

அவன் பெயர் அகிலன். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் உறுமி மேளக் குழு வைத்திருப்பவன். மலையில் பாதிச் சாவுகளுக்கு அவன்தான் அடிப்பான். தனுஜா பதில் சொல்வதற்குள் அவன் மண்டபத்தை எட்டிப் பார்த்தான். வரிசை வரிசையாக ஆட்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பெரிய பேனர். கல்லூரியின் பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்காகப் போன மாதம் அடித்தது. நடுவில் முதல்வர் புவனேஸ்வரனின் சிரித்த முகம், அதன் கீழே இரண்டு வருஷங்கள், அதற்கும் கீழே மலாயில் 'என்றும் எங்கள் இதயத்தில்'.

அகிலனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேனுக்குத் திரும்பிப் போய்ச் செவ்வந்தி மாலை ஒன்றை எடுத்து வந்தான். மேடை ஏறி பேனரின் ஆணியில் மாட்டினான். கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றான். அவன் பின்னால் குழுவும் நின்றது. புவான் ரொசித்தா எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் மாணவர்களும் எழுந்தார்கள்.

அப்போதுதான் புவனேஸ்வரன் கையில் தே தாரே டீக் குவளையோடு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். அகிலன் அவரைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான். இறங்கி வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரெட்டப் பிள்ளையாண்ணே? அச்சு அசலா இருக்கீங்க. ரொம்ப வருத்தமா இருக்குண்ணே."

ஆண்டு நிறைவைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்த புவனேஸ்வரன், "என்ன செய்றது தம்பி, காலம் ஓடிருச்சு" என்றார்.

தனுஜா அவரை ஓரமாக இழுத்துப் போனாள்.

"சார், இது சாவு மேளம். சாமுவேல் குரூப் இல்ல."

"அந்த குரூப் எங்க?"

"தெரியல சார். லைனே கிடைக்கல."

புவனேஸ்வரன் முதல் வரிசையைப் பார்த்தார். புவான் ரொசித்தா பேனாவோடு காத்திருந்தார்.

"ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

உறுமி ஆரம்பித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளைகள் நகர ஆரம்பித்தன. சாவுக்கு அடிக்கிற அடியில் அகிலன் குறை வைப்பதில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு, பேனரைப் பார்த்தே அடித்தான். நடு வரிசையில் துளசி என்ற மாணவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய சித்தப்பா போனபோதும் இதே குழுதான் வந்தது. புவான் ரொசித்தா துளசியைப் பார்த்தார், எதையோ எழுதினார்.

மேளம் நின்றதும் அவர் முதல்வர் பக்கம் சாய்ந்து மலாயில் கேட்டார். "தைப்பூசத்தில் கேட்ட மாதிரி இருக்கிறதே?"

"அதுதான் ஃபியூஷன், புவான்" என்றார் புவனேஸ்வரன்.

அவர் தலையாட்டிவிட்டு அகிலனிடம் திரும்பினார். "எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள்?"

"ரிங்லெட்ல, புவான். சாயூர் காய்கறி ஸ்டோருக்குப் பின்னால."

"நிறைய நிகழ்ச்சிகள் கிடைக்குமா?"

"மழைக் காலத்துல அதிகம். குளிர் தாங்காமப் போயிருவாங்க."

"யார் போய்விடுவார்கள்?"

"வயசானவங்க."

"ரசிகர்களைச் சொல்கிறார்" என்றார் புவனேஸ்வரன். "சீக்கிரம் எழுந்து போய்விடுவார்களாம்."

அந்த நேரத்தில் அகிலனின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான். மேளம் அடித்த காதுக்கு அப்படிப் போட்டால்தான் கேட்கும்.

"அண்ணே, மோகனா பேசுறேன். எங்க அப்பாவுக்குச் சொல்லியிருந்தோமே. எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா இருக்கோம். அப்பா முன்னாலதான் அடிச்சிக்கிட்டு இருக்கோம்."

"அப்பா இங்க இருக்காருண்ணே."

"எங்க?"

"வீட்டுல. பெட்டியில."

அகிலன் பேனரைப் பார்த்தான். பிறகு குவளையோடு நிற்கிற புவனேஸ்வரனைப் பார்த்தான். "அப்ப இவரு யாரு?" என்று போனிடமே கேட்டான்.

மோகனா தொடர்ந்தாள். "வேற ஒரு மேளம் வந்து அடிச்சிக்கிட்டு இருக்குண்ணே. ஆளுங்க நம்ம ஆளுங்க மாதிரி தெரியல. நீங்க அனுப்புனதா?"

நடந்தது தனுஜாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. தோட்டத்து கேட்டைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கல்லூரி, வலது பக்கம் தொழிலாளர்களின் லைன் வீடுகள். சாவு வீட்டுக்கு மேளம் வரும், வலது பக்கம் அனுப்பு, கல்லூரிக்கு ஒரு குரூப் வரும், இடது பக்கம் அனுப்பு என்று கேட்டில் நிற்கும் நேப்பாளிக் காவலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். முதலில் சாமுவேலின் வேன் வந்தது. உள்ளே டிரம் இருந்தது. வலது பக்கம் அனுப்பினார். அடுத்து அகிலன் வந்தான். சாவு மேளம் ஏற்கெனவே போய்விட்டதால் இடது பக்கம் அனுப்பினார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டார் புவான் ரொசித்தா.

"இரண்டாம் பகுதி வெளியில நடக்குது, புவான்" என்றார் புவனேஸ்வரன். "கள ஆய்வு." பேனரிலிருந்து மாலையைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வகுப்பு முழுவதும் கல்லூரி பஸ்ஸில் ஏறியது. அகிலனின் வேன் முன்னால் போனது.

இறந்தவர் சிவசாமி. தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரத்துப் பக்கத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் அவர் காது ஏறக்குறைய போயிருந்தது. அவருக்கு மோகனாவைத் தவிர இரண்டு மகன்கள். மூத்தவன் அமிர்தலிங்கம் தோட்டத்திலேயே டிராக்டர் ஓட்டுகிறான். இளையவன் லோகேஸ்வரன் கேஎல் என்கிற கோலாலம்பூரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். அப்பா அம்மாவை யார் தன்னோடு வைத்துக்கொள்வது என்று ஒரு தீபாவளியன்று ஆரம்பித்த பேச்சில் இருவரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அப்பா இறந்த அன்றும் பேசவில்லை. ஒருவன் பெட்டியின் தலைமாட்டில் நின்றால் மற்றவன் கால்மாட்டில் நின்றான்.

சாமுவேல் காலையில் சாவு வீட்டு வாசலில் வேனை விட்டு இறங்கியபோது டெண்டுக்கடியில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. யாரும் பேசவில்லை. இவ்வளவு ஒழுங்கான வகுப்பை அவர் பார்த்ததில்லை. வாத்தியங்களைப் பரப்பிவைத்து, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, பாலஃபோன் எந்த மரத்தில் செய்வது, சுரைக் குடுக்கை எதற்கு என்று விளக்க ஆரம்பித்தார்.

அமிர்தலிங்கம் இது தம்பியின் ஏற்பாடு என்று நினைத்தான். கேஎல்காரன், பெருசாகக் காட்டுகிறான். லோகேஸ்வரன் இது அண்ணனின் ஏற்பாடு என்று நினைத்தான். நான் வருவதற்குள் முந்திக்கொண்டான். யாரைக் கேட்பது? கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஊர் தெரிந்துகொள்ளும். அதனால் லோகேஸ்வரன் முன்னால் போய் நின்று, எல்லாம் தன் திட்டம் மாதிரியே, சாமுவேல் சொல்வதைத் தமிழில் சொன்னான். "இந்தக் குடுக்கை இருக்குல, இதுதான் சத்தத்த தூக்கிக் குடுக்குது" என்றான். சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் குடுக்கையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அமிர்தலிங்கம் விடவில்லை. அவன் போய் டிரம்காரர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, ஆளுக்கொரு குவளை மைலோ வைத்தான்.

முதல் உருப்படி முடிந்தது. சாமுவேல் வழக்கம்போலக் கேட்டார். "கேள்விகள் இருக்கிறதா?"

பிறகு சிவசாமியின் மனைவி மணியம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். இரண்டு நாளாக அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. பெண்கள் அவளைப் பற்றி ரகசியமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அவருக்குக் காது மந்தம்" என்றாள். "கொஞ்சம் கிட்ட வந்து அடிப்பீங்களா?"

லோகேஸ்வரன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். சாமுவேல் பாலஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார். அங்கேதான் பெட்டியைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். மணியம்மா எதிரில் உட்கார்ந்து, அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி தலையை ஆட்டி ஆட்டி ஒப்பாரி வைத்தாள். அவர் சைக்கிள் வாங்கிய கதை, சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கல்யாணம் கேட்ட கதை, மழையில் ஒழுகிய லைன் வீடு, எல்லாம் வந்தது. சாமுவேல் அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினார், அவள் எடுக்கும் இடத்தில் எடுத்தார்.

தனுஜா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து பார்த்தது இதைத்தான். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தப் பாட்டு முடியும்வரை படியிலேயே நின்றாள். முடிந்ததும் சாமுவேலிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"இது வகுப்பு இல்லை. தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்."

"பெட்டியைப் பார்த்தபோதே தெரிந்தது" என்றார் சாமுவேல். "எங்கள் ஊரிலும் ஒருவர் போய்ச் சேர்ந்தால் வாத்தியம், ஆட்டம் எல்லாம் உண்டு. நன்றாக யோசித்துத்தான் வகுப்பை இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

அமிர்தலிங்கம் அவளிடம் வந்தான். தம்பியும் காது கேட்கும் தூரத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், இவங்கள யாரு வரச் சொன்னது?"

"நாங்கதாண்ணே. காலேஜுக்கு வந்தவங்க. கேட்டுல மாத்தி அனுப்பிட்டாங்க. மன்னிச்சிருங்க."

அமிர்தலிங்கம் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். "நீ சொல்லலையா?"

"நீன்னுல்ல நெனச்சேன்."

"நான் உன்ன மனசுக்குள்ள திட்டிக்கிட்டே மைலோ கலக்குனேன்."

லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து நாலு பேர் வந்து தட்டிக்கொடுத்தார்கள். அமிர்தலிங்கமும் வந்து தட்டிக்கொடுத்தான். கையை எடுக்கவில்லை.

பெட்டியை எடுக்கும் நேரம் வந்தது. யார் முன்னால் போவது என்று கேள்வி எழுந்தது. சாவு மேளத்துக்குச் சொல்லி வைத்தது அகிலனைத்தான். ஆனால் மணியம்மா சாமுவேலை விடவில்லை. "ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அகிலன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். கோயில் திருப்பம் வருவதற்குள் பாலஃபோன் எங்கே இடம் விடுகிறது என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் உறுமியை இழுத்தான். சாமுவேல் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பேஸ் கித்தாரின் ஸ்பீக்கரை இரண்டு வங்காளதேசத் தொழிலாளிகள் கொழுந்து மூட்டை மாதிரி தலையில் சுமந்து வந்தார்கள். மாணவர்கள் மார்க் போய்விடும் என்று ஒருவர்கூட விலகாமல் நடந்தார்கள். புவனேஸ்வரனுக்குக் கையில் இருந்த மாலைக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. பெட்டிமேல் வைத்தார்.

பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் தேயிலை பார்க்க வந்த கார்கள் நின்றன. எல்லாக் கண்ணாடிகளும் இறங்கின, எல்லா போன்களும் வெளியே வந்தன. ஒரு காரிலிருந்து தலையை நீட்டிய ஒருவர் அமிர்தலிங்கத்திடம் கேட்டார்.

"நல்லா இருக்கே. கலாச்சார ஷோவா? தினமும் உண்டா?"

"இல்லிங்க" என்றான் அமிர்தலிங்கம். "எங்களுக்கு அப்பா ஒருத்தர்தான்."

புவான் ரொசித்தா சேற்றில் செருப்பு புதையப் புதைய தனுஜாவோடு நடந்து வந்தார். ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். யாரோ அவர்மேல் பன்னீர் தெளித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"இதில் எவ்வளவு நடிப்பு?"

தனுஜா முதல்வரைத் தேடினாள். அவர் கூட்டத்தில் எங்கோ இருந்தார். ஃபியூஷன் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

"எதுவும் நடிப்பு இல்லை, புவான். பெரியவர் உண்மையிலேயே இறந்துவிட்டார். இரண்டு குழுக்களும் இடம் மாறிப் போய்விட்டன. நீங்கள் காலையில் கேட்டது சாவு மேளம். எனக்கு இசையும் தெரியாது. நான் கட்டில் விரிக்கச் சொல்லிக்கொடுப்பவள்."

புவான் ரொசித்தா பிளாஸ்டிக் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வேலை போயிற்று என்று தனுஜா முடிவு செய்துகொண்டாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"சிவசாமி."

அவர் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சுடுகாடு வரை வந்துவிட்டுத்தான் காருக்குத் திரும்பினார்.

அறிக்கை அடுத்த மாதம் வந்தது. சமூக ஈடுபாட்டுக்கு முழு மதிப்பெண். தனுஜாவின் ஒப்பந்தம் நீண்டது. இனி ஒவ்வொரு பருவத்திலும் இதே முறையில் வகுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து புவனேஸ்வரன் தோட்டத்துப் பெரியவர்களை வழியில் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவர்களில் சிலர் அவரைக் கண்டால் வேறு பாதையில் போனார்கள்.

அகிலனும் சாமுவேலும் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் தனுஜாவைக் கேட்க வேண்டும் என்று மலையில் எப்படியோ பரவிவிட்டது. ஒரு நாள் அவள் மாணவர்களுக்குத் தலையணை உறை போடக் காட்டிக்கொண்டிருந்தபோது மலையின் இன்னொரு ஊரான கம்போங் ராஜாவிலிருந்து போன் வந்தது. பேசியவள் பெயர் கங்கா.

"டீச்சர், எங்க மாமாவுக்கு டாக்டர் கைவிரிச்சிட்டாங்க. இன்னும் இருக்காரு. சாமுவேல் குரூப்ப முன்கூட்டியே சொல்லி வைக்கலாமா?"

என்ன சொல்வதென்று தனுஜா யோசிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கிழக் குரல், போனைக் கொடு என்றது.

"டீச்சரம்மா, நான்தான் அந்த மாமா. சிவசாமிக்கு அடிச்சாங்களாமே, எல்லாரும் சொல்றாங்க. செத்ததுக்கு அப்புறம் அடிச்சா எனக்கு என்ன பிரயோசனம். இந்த வாரமே வந்து அடிக்கச் சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை குழு போனது. தனுஜாவும் கூடப் போனாள். மாமா கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி முழுவதும் கேட்டார். முடிந்ததும் உறுமி நன்றாயிருக்கிறது, கித்தார்தான் கொஞ்சம் பின்தங்குகிறது, திருத்திக்கொண்டு அடுத்த ஞாயிறும் வாருங்கள் என்றார். அடுத்த ஞாயிறும் ஒரு குறை சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கங்காவிடம் கேட்டாராம். குழு இன்னும் ஞாயிறுதோறும் கம்போங் ராஜாவுக்குப் போய் வருகிறது. மாமாவுக்குத் திருப்தி ஆன மாதிரி தெரியவில்லை.